யார் யார் சிரிச்சாங்க?

பி.காமில் மெர்கன்டைல் லா பேப்பரை 41 மார்க் வாங்கித் தாண்டியவன் நான். சட்டத்துக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். எனவே வக்கீல்கள் யாரும் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம்.

என் சகதர்மிணியும் பி.காம்.தான். அதே பேப்பரில் என்னைவிட 20 மார்க் அதிகம். (மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவாள்.) சமீபத்தில் ஒரு கம்பெனிக்கு அக்கவுண்டன்ட் இன்டர்வியூ போனாள். எதிரே மூன்று பேர். டேலி, ஜி.எஸ்.டி. என்று கேட்டதற்கெல்லாம் டாண் டாணென்று பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியில் நடுவில் இருந்தவர், "குழந்தைக்கு மூணு வயசுங்கறீங்க. மார்ச் முப்பத்தொண்ணு அன்னிக்கு அதுக்கு ஜுரம் வந்தா, பேலன்ஸ் ஷீட்டுக்கும் கிரைப் வாட்டர் குடுத்துத் தூங்க வெச்சுடுவீங்களா?" என்றாராம். மூவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்களாம். வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

சாப்பிட்டுக்கொண்டே கேட்ட நானும் சிரித்துவிட்டேன், புரையேறுகிற அளவுக்கு. அதோடு விட்டேனா? எழுந்து போய் இடது கையால் ஜோக் நோட்டில் குறித்தும் வைத்தேன். தொழில் புத்தி! அவள் ஒன்றும் சொல்லவில்லை. "மோர் ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். எந்த வக்கீலாலும் அந்த மாதிரி ஒரு குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

அந்த வாரம் வேறொரு கட்டுரைக்காக அமெரிக்க நிறவெறிச் சட்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் பாலி மர்ரி என்ற கறுப்பினப் பெண்மணியிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

1938-ல் வட கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மேல்படிப்புக்கு மனுப் போட்டார் அவர். கறுப்பர் என்பதால் இடமில்லை என்று பதில். பிறகு பெரும்பாலும் கறுப்பின மாணவர்களே படித்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். அப்பாடா, இங்கே நிறம் பிரச்னை இல்லை! முதல் நாளே ஒரு பேராசிரியர், பெண்கள் ஏன்தான் சட்டம் படிக்க வருகிறார்களோ என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்தது யார்? பஸ்ஸில் பின் ஸீட்டுக்குத் துரத்தப்பட்ட இனத்துப் பையன்கள்! இந்த இடத்தில்தான் எனக்கு அந்த மோர் ஞாபகம் வந்தது.

நிறத்தைச் சொல்லி ஒதுக்குவதற்கு அங்கே 'ஜிம் க்ரோ' என்று பெயர். பெண் என்று ஒதுக்குவதற்கு மர்ரி 'ஜேன் க்ரோ' என்று பெயர் வைத்தார். ஜிம்மின் கூடப் பிறந்தவள்.

1944-ல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார். முதல் மாணவர் மேல்படிப்புக்கு ஹார்வர்டு போவது வழக்கம். ஹார்வர்டு சட்டக் கல்லூரியோ, பெண்களுக்கு இடமில்லை என்று எழுதிவிட்டது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே கடிதம் எழுதிப் பார்த்தும் பலிக்கவில்லை. (நம்மூரில் கவுன்சிலர் லெட்டருக்கே ஸீட் நிச்சயம் என்பார்கள்.) மர்ரி மேல்முறையீடு செய்தார். உங்களுக்காகப் பெண்ணாயிருப்பதை மாற்றிக்கொள்ளத் தயார், வழிதான் தெரியவில்லை; ஆகவே நீங்கள் மனசை மாற்றிக்கொள்ளுங்கள், இதுவும் அதே அளவு கஷ்டமா என்று கேட்டார். என் அத்தனை ஜோக் நோட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடலாம் போலிருந்தது. அந்தக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1950-ல்.

அடுத்த சிரிப்பு 1964, பிப்ரவரி 8. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் சிவில் உரிமை மசோதா. நிறம், மதம் பார்த்து வேலையை மறுக்கக் கூடாது என்கிற பட்டியலில் 'பால்' என்ற ஒரு சொல்லையும் சேர்க்கச் சொன்னார் வர்ஜீனியாவின் ஸ்மித். மசோதாவுக்கே எதிரி அவர்! கவிழ்க்கத்தான் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்னமும் விவாதிக்கிறார்கள். புருஷன் கிடைக்காத பெண்களைப் பற்றி யாரோ எழுதிய கடிதத்தை வாசித்தார். சபை சிரித்தது. மார்த்தா க்ரிஃபித்ஸ் என்ற உறுப்பினர் எழுந்து, பெண்களை இரண்டாந்தரமாக நினைக்கிறீர்கள் என்பதற்கு இந்தச் சிரிப்பே சாட்சி என்கிற மாதிரி ஒரு போடு போட்டார். 168-க்கு 133 ஓட்டு. சொல் உள்ளே போய்விட்டது. செனட்டில் யாரும் அதைப் பிடுங்கிவிடக் கூடாது என்று குறிப்பு தயாரித்துக் கொடுத்தவர் மர்ரி. அந்தச் சொல் இல்லாவிட்டால் கறுப்பினப் பெண்ணுக்குப் பாதிப் பாதுகாப்புதான் என்பது அவர் வாதம். நிறத்துக்காக இல்லை, பெண் என்பதால்தான் வேண்டாமென்றேன் என்று முதலாளி தப்பித்துக்கொள்வாரே!

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஃபுளோரிடாவின் ஐடா ஃபிலிப்ஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1966-ல் மார்ட்டின் மரியெட்டா கம்பெனி, பள்ளி செல்லும் வயதாகாத குழந்தை இருக்கிறது என்று அவர் மனுவை வாங்கவே மறுத்தது. அதே மாதிரி குழந்தையுள்ள ஆண்களுக்கு வேலை கொடுத்தது! அம்மாவுக்கு ஒரு விதி, அப்பாவுக்கு ஒரு விதி கூடாது என்று 1971-ல் கோர்ட் சொன்னது. ஆனாலும் கம்பெனி தக்க காரணம் காட்டலாம் என்று ஒரு சின்ன ஓட்டை வைத்தது. அந்த ஓட்டையும் கூடாது என்று தனியாக எழுதியவர் நீதிபதி தர்குட் மார்ஷல். பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்து 1954-ல் வழக்கை ஜெயித்த அதே கறுப்பின வக்கீல்தான்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு மூன்று வயசுக்கு அப்பா நான்தானே? ஒரு பத்திரிகை ஆபீஸிலாவது கிரைப் வாட்டர் பற்றி என்னைக் கேட்டிருக்கிறார்களா?

ராத்திரி நோட்டைத் திறந்து அந்த ஜோக்கை அடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள், "ஏன் அடிக்கிறீங்க? எழுதுங்க. ஆனா யார் யார் சிரிச்சாங்கன்னு ஒழுங்கா எண்ணி எழுதுங்க" என்றாள்.

நாலு பேர்.