அப்லோம் என்றால் திமிரா?

புதுச்சேரி

அன்புள்ள கயல்,

நேற்று போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. உன் பேராசிரியர் "உனக்கு அப்லோமுக்குக் குறைச்சல் இல்லை" என்றாராம், பிரெஞ்சு அகராதியில் "திமிர்" என்று போட்டிருந்ததாம், அதற்கு இவ்வளவு அழுகையா?

அகராதியும் பொய் சொல்லவில்லை. பதறாமல் நிற்கிறவனுக்கும் அப்லோம்தான். வாய் கூசாமல் புளுகுகிறவனுக்கும் அப்லோம்தான். இங்கிலீஷ்காரன் கடன் வாங்கும்போது நல்லதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டான், சமர்த்து! பேராசிரியர் எதை நினைத்துச் சொன்னாரோ, முகத்தைப் பார்த்த உனக்குத்தான் தெரியும்.

ஆனால் அது கொத்தனார் வேலையில் பிறந்த சொல்லடி. ப்லோம் என்றால் ஈயம், லத்தீனில் ப்ளும்பும். ஈயத்துக்குக் குறியீடு எதற்கு 'பிபி' என்று எட்டாம் வகுப்பில் சாரிடம் சண்டை போட்டாயே, அதே சங்கதி. 'ஆ ப்லோம்' என்றால் ஈயக்குண்டு தொங்குகிற நேருக்கு. நம் அப்பாவின் தூக்குக்குண்டுதான், அவருடையது இரும்பு என்பதைத் தவிர. கட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து நூலை விடுவார். குண்டு ஆடும். நீ கையை நீட்டி நிறுத்தப் போவாய். "தொடாதே, அதுவா நிக்கட்டும்" என்று ஒரு அதட்டல். நின்ற பிறகுதான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குண்டுக்கும் சுவருக்கும் நடுவே பார்ப்பார்.

காய்ச்சல் விட்டுத் தேறினவரையும் பிரெஞ்சில் 'தப்லோம்' என்பார்கள். உச்சிவெயில் நேராக மண்டையில் இறங்குவதற்கும் அதே சொல். பாலே ஆடுகிறவர்கள் ஒற்றைக்காலில் ஆடாமல் நிற்பதும் அப்லோம்தான்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எதிராளி கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லும் பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பயத்தில் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேராசிரியருக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை ஆய்வேட்டுத் தேர்வில் நடுவர்கள் கேட்டு முடிக்கட்டும். தண்ணீர் குடி. குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அடக்கப் பார்க்காதே. பிறகு பேசு.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பருப்புப்பொடியும் நாரத்தங்காயும் பார்சலில் வருகின்றன. வெறும் வயிற்றோடு போய் நிற்காதே. முடிந்ததும் போன் பண்ணு, இங்கே நடுராத்திரி ஆனாலும் சரி.

அன்புடன்,
அக்கா