மொனிட்டர் வயரை நேரா குத்தலாம்

கொஞ்சம் நீண்ட பதிவு. கேம் விளையாட கம்பியூட்டரை அப்கிரேட் பண்ணித் தரச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரிக்கும் வீடுகளில் இருப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். இதில் "நாங்கள்" என்றால் எங்கள் வீட்டு சேரும் டீச்சரும். நடந்த பிழையில் இரண்டு பேருக்கும் சமபங்கு. ஒருவர் தலையில் போட்டு எழுத மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் கொரோனா காலத்தில் சூம் வகுப்புக்காக வாங்கியது. ஏதோ ஒரு நாட்டு ஒபிசில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளக்ஸ் 7010. ஐ5, மூன்றாம் தலைமுறை. பாடக்குறிப்பு, வினாத்தாள், புள்ளிப் பட்டியல் எல்லாவற்றுக்கும் அது தாராளம். மூத்த மகனுக்குத்தான் போதவில்லை. அவனுக்குப் பிடித்தது யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. சுடுவதும் வெட்டுவதும் இல்லை, லொறியில் சாமான் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போவதுதான் விளையாட்டு. அவனுடைய மாமா கொழும்புக்கு லொறி ஓட்டுகிறவர், அந்தக் கிறுக்கு அங்கிருந்து வந்தது. ஆனால் எங்கள் மெஷினில் படம் வரைவதற்குத் தனிக் கார்ட் இல்லை. ப்ரொசசருக்குள் இருக்கும் இன்டெல் எச்.டி 2500 மட்டும்தான். செக்கனுக்கு 12 படம், 13 படம் வரும். லொறி ரோட்டில் போகாது, தவளை மாதிரி தாவும்.

கணிதத்தில் 75 எடுத்தால் கார்ட் வாங்கித் தருவதாகச் சொன்னோம். எடுக்க மாட்டான் என்ற தைரியம். 81 எடுத்துவிட்டான்.

வாக்குக் கொடுத்தாயிற்று. சீட்டுக் காசு 24,000 கையில் வந்திருந்தது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதிலிருந்து புதுக் கார்ட் எங்கள் சம்பளத்துக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே பாவித்ததுதான். யூடியூபில் பத்து நாள் படித்தோம். எங்கள் மெஷினின் பவர் சப்ளை 275 வொட். பெரிய கார்ட் தாங்காது. தனிப் பவர் வயர் இல்லாமல், போர்டில் செருகும் இடத்திலிருந்தே 75 வொட் எடுத்து ஓடுகிற என்விடியா ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ தான் பொருத்தம் என்று முடிவெடுத்தோம். இதுவரை சரியாகத்தான் போனோம்.

ஒன்லைன் விளம்பரம் ஒன்றில் அதே கார்ட் 22,000க்கு இருந்தது. மற்றவர்கள் கேட்டதை விட நல்ல குறைவு. எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் நின்ற பிறகு பாவித்த கார்ட்கள் சந்தையில் நிறைய விழுந்தன என்று வாசித்திருந்தோம், அதனால் அந்த விலை எங்களை உறுத்தவில்லை. (அரைகுறை அறிவு எவ்வளவு வசதியானது பாருங்கள், வேண்டிய பதிலை அதுவே கொண்டுவந்து தரும்.) போனில் நாங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எங்கள் மொனிட்டர் பழையது, நீல நிற வி.ஜி.ஏ வயர், சரிவருமா?

"பிரச்சினையே இல்ல சேர், மொனிட்டர் வயரை நேரா குத்தலாம்."

அந்த ஒரு வசனத்தில் விழுந்தோம். மச்சான் அடுத்த லோட்டுக்குப் போனபோது புறக்கோட்டையில் ரோட்டோரம் நின்று காசைக் கொடுத்து வாங்கி வந்தார்.

கார்டில் ஆறு முள் பவர் சொக்கெட் இருந்தது. இருக்கக் கூடாதே என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போன் எடுத்தால், "அது கேமிங் எடிஷன், கூட சக்தி" என்றார். ஒரு கன்வேர்ட்டர் வயரையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார். மகன் பக்கத்தில் நின்று, ஸ்குரூ ட்ரைவரைக் கையில் பிடித்தபடி, எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டினோம். விண்டோசில் 1050 டி.ஐ என்று பெயர் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றோம். என்விடியாவின் ட்ரைவரைப் போட்டதும் நீலத் திரை. திரும்பத் திரும்ப அதே கதை. எப்படியோ ஒரு தடவை கேமைத் திறந்தான். நாலு நிமிடத்தில் திரை கறுத்து, மெஷின் அப்படியே நின்று, பிளாஸ்டிக் சூடேறிய வாசம் வந்தது. உம்மா ஓடிப்போய் சுவிட்சைப் பிடுங்கினார். அந்த மெஷினில்தான் 46 பிள்ளைகளின் தவணைப் புள்ளிகள் இருந்தன.

எங்களிடம் படித்த ஒரு தம்பி ரிப்பேர் கடை ஒன்றில் வேலை செய்கிறார். கணிதத்தில் அவரை நாங்கள் பல தடவை எழும்பி நிற்கவைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து கார்டைக் கையில் எடுத்தார். பூட்டக்கூட இல்லை, பின்பக்கத்தைப் பார்த்த உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"சேர், இதுல வி.ஜி.ஏ ஓட்டை இருக்கே?"

"அதுக்காகத்தானே தம்பி வாங்கினோம்."

என்விடியா 1000 வரிசையிலிருந்து அந்தப் பழைய அனலொக் சிக்னலையே நிறுத்திவிட்டது என்று விளக்கினார். ஆறு முள் சொக்கெட் சில அசல் கார்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் 1050 டி.ஐ என்று சொல்கிற கார்டில் நீல வி.ஜி.ஏ ஓட்டை இருந்தால் கையை எடுத்துவிட வேண்டுமாம். பிறகு பூட்டி, ஜி.பி.யு-ஸெட் என்ற சின்ன இலவச மென்பொருளைத் திறந்தார். கார்டின் பெயருக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள், ஃபேக் என்று எழுதியே காட்டியது. உள்ளே இருந்த சிப் ஜி.எஃப் 106. 2010ல் வந்த ஜி.டி.எஸ் 450. அதில் 192 கோர், நாங்கள் காசு கொடுத்த 1050 டி.ஐயில் 768. கார்டின் பயோசை மாற்றி எழுதிவிட்டால் விண்டோஸ் அதில் இருக்கிற பெயரைத்தான் வாசிக்கும். எங்கள் 75 வொட் கணக்குக்கு, இது 100 வொட்டுக்கு மேல் இழுக்கிற சாமான். மெஷின் பிழைத்தது பெரிய விஷயம்.

விடையைப் போட்டுச் சரிபார் என்று வருடக் கணக்காகக் கரும்பலகையில் எழுதும் ஆட்கள் நாங்கள். விற்றவரின் போன் அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை.

இனி எழுதப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம்.

அன்றிரவு மச்சான் சொன்னார், "விண்டோஸ்ல பேரு வருதுதானே மச்சான். வந்த மாதிரியே அனுப்பிடுங்க. நீங்க பொய் சொல்லத் தேவையில்ல, பேரக் காட்டினாப் போதும்." அவருக்கும் குற்ற உணர்வு, அவர் கையால் வாங்கியது. நாங்கள் உடனே மறுத்தோம் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. 22,000 ரூபாய். அடுத்த மாதச் சீட்டும் கட்ட வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு படம் எடுத்து விளம்பரம் போட்டோம். "1050 டி.ஐ, பாவித்தது, 20,000." ஒரு எழுத்தும் பொய் இல்லாத மாதிரி எழுதத் தெரிந்திருந்தது, படித்தவர்கள் அல்லவா.

காலையில் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரம் போன் வந்தது. மூதூர்ப் பக்கம் ஒரு வாப்பா. கடற்றொழில் என்றார். மகன் ஓ.எல் எழுதி முடித்து வீட்டில் இருக்கிறானாம், கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அவருக்கு கம்பியூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. மகன் எழுதிக் கொடுத்த கேள்வியைப் பார்த்து வாசித்தார்.

"எங்கட மொனிட்டர் பழசு. வயரை நேரா குத்தலாமா?"

ஸ்பீக்கரில் இருந்தது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட ஹதீஸை இஸ்லாம் பாடப் புத்தகத்தில் படிக்காத பிள்ளை நம்மில் இல்லை. எங்கள் மகன் சப்பாத்து லேஸ் கட்டிக்கொண்டிருந்தான், கட்டுவதை நிறுத்திவிட்டான். டீச்சர்தான் போனை வாங்கினார். "இது போலிக் கார்ட் வாப்பா, வாங்காதீங்க" என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு அவர், "அப்ப ஏன் போட்டீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டோம், விளம்பரத்தை எடுத்தோம். அன்று முதலாம் பாடத்துக்குப் பிந்திப் போனோம்.

இரண்டு மாதம் கழித்து அதே தம்பி 9,500க்கு ஒரு ஜி.டி.எக்ஸ் 750 டி.ஐ தேடித் தந்தார். 2014ல் வந்தது. 60 வொட்தான், பவர் வயர் வேண்டாம். அனலொக் இன்னும் இருந்த காலத்துக் கார்ட், ஒரு சின்ன அடப்டரோடு எங்கள் நீல வயர் வேலை செய்கிறது. இந்த முறை விற்றவரின் வீட்டிலேயே பூட்டி, ஜி.பி.யு-ஸெட் பார்த்து, அரை மணித்தியாலம் கேமை ஓடவிட்டு, சூடு பார்த்து, பிறகுதான் காசு. விற்றவர் முகம் சுளிக்கவில்லை, தேநீரும் தந்தார். நல்ல சாமான் வைத்திருப்பவருக்குச் சோதிப்பது பிரச்சினை இல்லை போலும்.

இப்போது லொறி வழுக்கிக்கொண்டு போகிறது. வெள்ளிக்கிழமைகளில் மச்சானும் வந்து உட்கார்ந்து ஓட்டுகிறார். பிரான்சில் வலப்பக்கம் ஓட்டச் சொன்னால் தடுமாறி மதிலில் மோதுகிறார். கலேயில் படகேறி டோவரில் இறங்கிய பிறகுதான் நிமிர்ந்து உட்காருவார், "இதுதான் நம்மட ரோட்டு."

போலிக் கார்ட் எங்கள் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. மூதூர்க்காரரின் இலக்கத்தைச் சேமித்து வைத்திருந்தோம். நேற்று இரவு அவரே வட்ஸ்அப்பில் ஒரு கார்டின் படம் அனுப்பி, இது வாங்கலாமா என்று கேட்டிருந்தார். முன்பக்கம், காற்றாடி மட்டும்தான் தெரிகிறது. பின்பக்கத்தை எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறோம். இன்னும் வரவில்லை.