நாம் கொடுத்த முட்டை

நோயுற்றோரைக் காணச் செல்லுகையில் வெறுங்கையோடு செல்லலாகாது என்பது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். கம்பம் பள்ளத்தாக்கில் அவ்வழக்கம் இன்றும் குறைவின்றி வாழ்கிறது. கொடியிலிருந்து அப்போதே அறுத்த பன்னீர்த் திராட்சை, சின்னமனூர் வாழைப்பழம், வீட்டுப் பசுவின் பால், நாட்டுக்கோழி முட்டை என்று ஏழை வீட்டாரும் எதையேனும் மடியில் கட்டிக்கொண்டுதான் புறப்படுவர். அவ்வன்பைக் குறைகூற நாம் எழுதவில்லை. அன்போடு சிறிது அறிவும் சேராவிடில் நேரக்கூடியதை, நம் தவற்றைக்கொண்டே உரைக்க விழைகிறோம்.

2016ஆம் ஆண்டு நாம் பணியாற்றிய பங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரத்தப் புற்றுநோயுற்று, மதுரைக்குச் சென்று மருந்தேற்றிக்கொண்டு வந்தார். முடி உதிர்ந்து, உடல் மெலிந்து, திண்ணையில் சாய்ந்திருந்த அவரைக் கண்டு நம் மனம் பொறுக்கவில்லை. மறுநாளே பங்கு இல்லத்துக் கோழிகள் இட்ட ஆறு முட்டைகளை எடுத்துச் சென்று, “காய்ச்சிய பாலை ஆறவைத்து, இதைப் பச்சையாக உடைத்து ஊற்றிக் கொடுங்கள், அம்மா, தெம்பு வரும்” என்று அவர்தம் துணைவியாரிடம் சொன்னோம். சிறு வயதில் நாம் காமாலையுற்று எழுந்தபோது நம் அன்னை அப்படித்தான் கொடுத்தார். அதற்கு மேல் நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவருக்குக் குளிர்நடுக்கம் கண்டது. வயிற்றுப்போக்கு இல்லை, வாந்தியும் இல்லை, காய்ச்சல் மட்டுமே. வீட்டார் காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருந்தனர். விடிந்தபோது அவருக்குச் சுயநினைவு மங்கியிருந்தது. வாடகைக் காரில் மதுரைக்கு விரைந்தோம். இரத்தத்தை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினர். இரண்டு நாள் கழித்து, சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிர் அவரது இரத்தத்தில் வளர்ந்திருப்பதாகத் தெரிவித்தனர். “பச்சையாக ஏதேனும் சாப்பிட்டாரா?” என்று இளம் மருத்துவர் வினவினார். அம்மையார் நம் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நாமே சொன்னோம்.

முட்டைதான் காரணம் என்று எவரும் நிறுவவில்லை. மிஞ்சிய முட்டை சோதிக்கப்படவுமில்லை. ஆயினும் நம் மனச்சான்றுக்கு அது போதிய ஆறுதலாக இல்லை. அம்மருத்துவர் பொறுமையோடு விளக்கியது இது: கோழியின் எச்சத்தால் முட்டை ஓட்டின் மேல் இக்கிருமி ஒட்டியிருக்கலாம். சில கோழிகளில், ஓடு உருவாகுமுன்னரே உள்ளேயும் புகுந்துவிடலாம். முட்டையின் தோற்றத்திலோ மணத்திலோ வேறுபாடு தெரியாது. நலமுள்ளவரின் வயிற்றிலுள்ள அமிலம் கிருமிகளுள் பெரும்பகுதியைக் கொன்றுவிடும். எஞ்சியவை பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு அடங்கிவிடும். புற்றுநோய் மருந்தோ குடலின் உட்சவ்வைப் புண்ணாக்குகிறது. காவல் நிற்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடுகிறது. மதிலும் இடிந்து காவலரும் இல்லாத கோட்டைக்குள் பகைவர் நுழைவதுபோல, கிருமி குடலைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது.

இந்நிலை புற்றுநோயாளருக்கு மட்டும் உரியதன்று. மாற்றுச் சிறுநீரகம் பெற்று அதைக் காக்க மருந்து உண்போர், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போர், ஈரல் சுருங்கியோர், முதியோர், கைக்குழந்தைகள் ஆகியோரும் எச்சரிக்கையாயிருக்க வேண்டியவர்களே. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றை முதன்முதலில் கண்டறிந்தனர். அந்நோயின் சுமையைப் பிற்காலத்தில் மிகுதியாகத் தாங்கிய மாவட்டங்களுள் நம் தேனியும் ஒன்று. சால்மோனெல்லா இரத்தத்தில் திரும்பத் திரும்பத் தோன்றுவதை எய்ட்ஸின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க மருத்துவத் துறை 1987இலேயே சேர்த்துக்கொண்டது. கூட்டு மருந்தை நாள் தவறாமல் உண்போர்க்கு இவ்வாபத்து பெரிதும் குறைகிறது என்பது ஆறுதலான செய்தி.

மருத்துவமனையில் கொடுக்கும் உணவிலும் கிருமி இருக்கக்கூடும். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் நோயாளர் ஐவருக்கு, ஐஸ்கிரீம் கலந்த பாலோடு தொடர்புடைய லிஸ்டீரியா என்னும் கிருமித்தொற்று கண்டது, மூவர் இறந்தனர். 2015இல் இது வெளியாயிற்று. லிஸ்டீரியா குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் மெல்லப் பெருகவல்லது. ஆதலின் பெட்டியில் வைத்ததெல்லாம் பழுதற்றது என்று எண்ணலாகாது.

நம் பள்ளத்தாக்கின் வாழ்க்கையையும் எண்ணிப் பாருங்கள். விடியுமுன் சமைத்த சோற்றைத் தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, ஜீப்பில் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி, ஏலத்தோட்டத்தில் நண்பகலில் உண்ணும் தாய்மார் எத்தனை பேர்! உடல் வலுவுள்ளவரை அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அவர்களுள் ஒருவர் நோய்க்கு மருந்துண்பவராயின் அதே சோறு தீங்காகலாம்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முட்டை, வெண்கருவும் மஞ்சட்கருவும் இறுகும்வரை வேகட்டும். பாலைப் பொங்கக் காய்ச்சுக. இறைச்சியும் மீனும் உள்வரை வேகட்டும். பச்சை இறைச்சி அரிந்த கத்தியும் பலகையும் சோப்பிட்டுக் கழுவப்படட்டும். ஆக்கியதைச் சுடச்சுட உண்பிக்க வேண்டும். பழங்களை ஓடும் நீரில் நன்கு கழுவிக் கொடுக்கலாம். பச்சைக் காய்கனிகளை அறவே விலக்கும் கடும்பத்தியம் தொற்றைக் குறைப்பதாக ஆய்வுகள் நிறுவவில்லை. எல்லாவற்றிலும் முதன்மையானது ஒன்றுண்டு. புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் கண்டால், மாத்திரை கொடுத்து விடியட்டும் என்றிராமல், அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்த ஓரிரவுதான் நம் ஆசிரியரின் உயிரை விளிம்புவரை கொண்டுபோயிற்று.

அவர் பிழைத்தார். இரண்டு வாரம் நரம்பு வழியாக மருந்தேறியது. புற்றுநோய் மருத்துவம் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று. வீடு திரும்பியபின் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். “பச்சையா எதுவும் கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லித்தான் அனுப்புனாங்க, சாமி. ஆனா நீங்க கொண்டாந்து குடுத்ததை வேண்டாம்னு எப்பிடிச் சொல்றது?” என்றார்.

மருத்துவர் விலக்கியதை நம் அங்கியின் மதிப்பு விழுங்கச் செய்துவிட்டது! குருவானவர், மூத்த மாமன், முதலாளி, சம்பந்தி ஆகியோர் கொடுப்பதை மறுக்க நம் மக்களுக்கு நா எழாது. ஆதலின் வாங்குபவர் மறுப்பார் என்று காத்திராமல், கொடுப்பவரே முன்கூட்டிக் கேட்பது கடமை. இப்போது நோயாளி இல்லத்தின் வாசலில் நாம் முதலில் கேட்பது, “மருத்துவர் எதை உண்ணச் சொன்னார்? எதை விலக்கச் சொன்னார்?” என்பதே. விடை தெரியாத நாளில் வெறுங்கையோடு உள்ளே சென்று, கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, அருகில் அமர்ந்து சற்றுநேரம் பேசிவிட்டு வருகிறோம். அதற்காக எந்த நோயாளியும் இதுவரை நம்மைக் கடிந்ததில்லை.