உறுதி இல்லாத காணி

"சம்பளம் இல்லாமல் தோட்டம் கொத்தவோ பாரிஸிலயிருந்து எழுநூறு கிலோமீற்றர் போனனி?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கனடாவிலிருக்கும் அக்கா, "உனக்கென்ன விசரே தம்பி?" என்று நேரடியாகவே கேட்டா. ஆளுக்கொரு பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். ஒருமுறை எழுதிவைத்தால் இனிக் கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

2020 ஒக்ரோபர் கடைசியில் கொரோனாவால் பிரான்சில் உணவகங்கள் இரண்டாவது தடவையாக மூடப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு 2001இல் இங்கே வந்து, கோப்பை கழுவத் தொடங்கி, சமையல்காரனாகி, குசினிக்குள்ளேயே வயது போனவன் நான். சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் தந்தது. ஆனால் வேலையில்லாமல் அறைக்குள் கிடக்க முடியவில்லை. கூட வேலை செய்த பிரெஞ்சுக்காரப் பெடியன்தான் 'வூஃப்' பற்றிச் சொன்னான். 1971இல் லண்டனில் காரியதரிசியாக வேலை செய்த சூ கொப்பார்ட் என்ற பெண், நகரத்து ஆட்கள் வார இறுதியில் இயற்கை விவசாயப் பண்ணைகளில் போய் வேலை செய்யத் தொடக்கிவைத்த ஏற்பாடு. உழைப்புக்குச் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். காசு கிடையாது.

அப்படித்தான் 2021 மாசியில் தெற்கே, புரோவோன்ஸ் மலைப்பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். வைகாசி மட்டும் இருந்தேன். பதினொரு பெரியவர்களும் நாலு பிள்ளைகளும் ஒரே வீடு, ஒரே உலை, ஒரே பணப்பெட்டி என்று கூடி வாழ விரும்பிச் சேர்ந்த இடம் அது. பெயர் போடவேண்டாம் என்று கேட்டார்கள்.

எரு சுமந்தேன், நாற்று நட்டேன், இரவில் அவர்களுக்குப் பருப்புக்கறி வைத்தேன். ஒருநாள் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, பச்சைப் பயிரை வெட்டி மண்ணுக்குள் புதைப்பது எப்படியென்று எனக்குப் படிப்பித்தா. எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்கட ஐயா பூவரசங்குழை தாட்டுத்தான் தோட்டம் செய்தவர்" என்றேன். "இப்போது யார் செய்கிறார்கள்?" என்று கேட்டா. 1990 ஆனியில் வலிகாமம் வடக்கிலிருந்து எல்லோரும் எழும்பி ஓடியதை, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

அவர்களுடைய கூட்டு வாழ்க்கையைப் பார்த்து நான் வாய் பிளக்கவில்லை. பாரிஸுக்கு வந்த புதிதில் நாங்கள் ஏழுபேர் ஓர் அறையில், ஒரு பானையில்தான் வாழ்ந்தோம். முறைவைத்துச் சமைத்தோம், முறைவைத்துப் படுத்தோம். ஆனால் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒவ்வொருவராகக் கழன்று போனோம். அவர்கள் விரும்பி வந்தவர்கள். வேண்டாமென்றால் திரும்பிப் போக அநேகருக்குத் தாய் தகப்பன் வீடு இருக்கிறது. எங்களுக்கு அறைக்கு வெளியே இருந்தது தெரு.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. அவர்கள் அடிக்கடி பேசும் லொங்கோ மாய் என்ற கூட்டுறவு, போர்கல்கியேக்குப் பக்கத்தில் லிமான் கிராமத்தில் 1973இல் தொடங்கியது. அந்த ஊர்ப் பழைய மொழியில் அதற்கு 'நெடுங்காலம் நிலைக்கட்டும்' என்று பொருள். 1979இல் கொஸ்ரறிக்காவிலும் நிக்கராகுவா அகதிகளுக்காக ஒரு பண்ணை தொடங்கினார்கள். லொங்கோ மாயில் தனியாளுக்குச் சம்பளமும் இல்லை, தனியாளுக்குக் காணியும் இல்லை. நிலத்தை ஒரு பொது நிதியம் வைத்திருக்கிறது. யாரும் தன் பங்கைப் பிரித்து விற்றுவிட்டுப் போகமுடியாது. வேலை செய்கிறவர் இருக்கும்வரை காணி அவருக்கு.

அந்த நேரம் எங்கள் குடும்பத்துக்குள் காணிச் சண்டை. இராணுவம் பிடித்துவைத்திருந்த எங்களுடைய தோட்டக்காணி 12 பரப்பை 2018இல்தான் விட்டார்கள். ஐயா எழுதிவைக்காமலே போய்விட்டார். கனடாவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்குமாகச் சமபங்கு. விற்போம் என்கிறா அக்கா. விலை ஏறட்டும் என்கிறார் அண்ணன். நடுவில் காணி பற்றை மூடிக் கிடந்தது.

அந்தக் காணியில் கொத்தியதும் தண்ணி மாறியதும் ஐயா மட்டுமில்லை. அயலில் குடியிருந்த ஒருவர் குடும்பத்தோடு அங்கே உழைத்தார். அவர் ஐயாவைக் 'கமக்காறன்' என்றுதான் கூப்பிடவேண்டும். எங்களோடு சேர்ந்துதான் அவர்களும் ஓடினார்கள். நாங்கள் கொழும்பு, வெளிநாடு என்று போனோம். அவர்கள் முகாமில் இருந்தார்கள். காணிகள் விடுபட்டபோது உறுதி வைத்திருந்தவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். உறுதியே இல்லாதவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது? 'எங்கள் நிலம்' என்று இத்தனை வருடம் ஊர்வலம் போனோமே, அந்த 'எங்கள்' என்பதற்குள் அவர் இருந்தாரா?

வைகாசி 19 உணவகங்கள் வெளியே மேசை போடத் திறந்தன. நானும் குசினிக்குத் திரும்பினேன். என் பங்கு நாலு பரப்பையும் அந்த மனிதரின் மகனுக்குத் தோட்டம் செய்யக் கொடுப்பதென்றும், குத்தகை வேண்டாமென்றும், அவர் செய்யும்வரை விற்பதில்லையென்றும் எழுத்தில் கொடுத்தேன். அண்ணன் தொலைபேசியில் கத்தினார்: "பிறகு எழும்பமாட்டாங்களடா!" முப்பது வருடம் இராணுவம் எழும்பாமல் இருந்தபோது அண்ணன் இவ்வளவு சத்தமாகக் கத்தியதாக எனக்கு ஞாபகமில்லை.

மற்ற எட்டுப் பரப்பு இன்னும் பற்றைதான். இந்த நாலில் வெங்காயம் பிடுங்கிப் படம் அனுப்பியிருந்தார் அவர். தகப்பன் கமக்காறன் என்ற இடத்தில் மகன் என்னை அண்ணை என்கிறார். அந்த நாலு பரப்பையும் அவர் பெயருக்கே எழுதலாமா என்று இப்போது சட்டத்தரணியிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும்.