லெய்டனுக்கு வழி பழவேற்காடு

பயணக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க் குழுவினர் கேட்டபோது, போய்வந்த பயணங்களைவிடப் போகாமல் நின்றுவிட்ட பயணமொன்றே எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

ஐரோப்பாவில் நான் காண விரும்பிய நகரம் இலண்டனன்று, பாரிசுமன்று. நெதர்லாந்து நாட்டிலுள்ள லெய்டன். 1575இல் தோன்றிய பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற ஊர் அது. தமிழ் படித்தவர்க்கு அப்பெயர் வேறொரு காரணத்தால் பழக்கமானது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகளும், பின்னர் முதற் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சிறிய செப்பேடுகளும் ஒல்லாந்தர் வழியாக அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. பெரியவை 21 ஏடுகள். சிறியவை 3 ஏடுகள். சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்குக் கொடையளித்த வரலாற்றை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அவ்வெழுத்துகளைக் கண்ணால் காணவேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

2019ஆம் ஆண்டில் அதற்கென ஒரு குறிப்பேடு வாங்கினேன். நான்கு நாள் பயணம். முதல் நாள் ஆம்ஸ்டர்டாமின் கால்வாய்களும் அருங்காட்சியகமும். மறுநாள் இரயிலில் லெய்டன். அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவுதான். நூலகத்தாருக்கு முன்கூட்டியே எழுதி இசைவு பெறவேண்டும். விசாவிற்கு வங்கிக் கணக்கு விவரமும், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். துலிப் மலரும் ஏப்ரல் மாதமே உகந்ததென்று முடிவு செய்தேன். அது 2020ஆம் ஆண்டு ஏப்ரல். அதற்கு முந்திய மார்ச்சு மாதத்திலேயே பன்னாட்டு விமானங்கள் நின்றன, ஊரும் அடங்கிற்று. சேர்த்து வைத்த பணம் மறு ஆண்டு அத்தாவின் மருத்துவச் செலவுக்குப் போயிற்று. இறையருளால் அவர் நலமடைந்தார். குறிப்பேடு அலமாரிக்குள் சென்றது.

2022ஆம் ஆண்டு இறுதியில் ஒரு நாள், முதலாண்டு மாணவர்க்குச் செப்பேடுகளைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். லெய்டனைக் காணும் வாய்ப்பு நழுவிப்போனதையும் சற்று வருத்தத்தோடு சொன்னேன். வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது, கடைசி வரிசையில் அமர்ந்து ஒருநாளும் வாய்திறவாத மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஐயா, எங்க ஊர்ல ஒல்லாந்தர் கல்லறை இருக்கு. எலும்புக்கூடு செதுக்கின தூண் இருக்கு. நீங்க பார்த்திருக்கீங்களா?"

"உன் ஊர் எது அம்மா?"

"பழவேற்காடு ஐயா."

எனக்கு விடை கூற நா எழவில்லை. நான் மீஞ்சூரில் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டிலிருந்து பழவேற்காடு போய்வர ஒரு பகல் போதும். இறாலும் மீனும் வாங்க அங்குப் பலமுறை சென்றதுண்டு. வாங்கிய கையோடு திரும்பியதுமுண்டு. கடல் கடந்த ஊருக்கு இரயில் நேரம் குறித்தவன், பக்கத்து ஊரின் கல்லறை வாயிலைக் கண்டதில்லை. நாள்தோறும் பேருந்திலும் இரயிலிலும் அவ்வூரிலிருந்து என் வகுப்புக்கு வந்துபோகும் ஒரு பிள்ளையின் ஊர்ப்பெயரைக்கூடக் கேட்டதில்லை.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். 1610இல் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வணிக உரிமை பெற்றனர்; 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது வணிகம் முழுமைக்கும் தலைநகராக விளங்கியது இச்சிற்றூரே. 1630களில் இங்குப் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜீரியசு என்பவர், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு இந்து சமயம் பற்றி ஒரு நூல் எழுதினார். பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக இடம்பெற்ற நூல் அது. அவர் மறைந்தபின் 1651இல் அச்சேறியது. அச்சேறிய ஊர், லெய்டன்!

மறுநாளே அம்மாணவியை அழைத்து, "நம் துறை மாணவரை அழைத்துச்செல்ல நீயே ஒரு திட்டம் எழுதிக் கொடு" என்றேன். இரண்டு நாளில் ஒரு தாள் வந்தது. என் குறிப்பேட்டில் அருங்காட்சியகங்களின் நேரங்கள் இருந்தன. அவர் தாளில் இருந்தவை வேறு. பொன்னேரியில் எந்தப் பேருந்தைப் பிடித்தால் உட்கார இடம் கிடைக்கும், பெண்பிள்ளைகள் கைகால் கழுவ யார் யார் வீடுகளில் சொல்லிவைத்திருக்கிறார், வெயில் ஏறுமுன் எதைப் பார்த்து முடிக்கவேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தார். இறுதியில் "படகு வேண்டாம்" என்று எழுதி இருமுறை அடிக்கோடிட்டிருந்தார். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததை ஊரார் மறக்கவில்லை.

2023 சனவரியில் ஒரு சனிக்கிழமை சென்றோம். மீஞ்சூர் நிலையத்தில் கூடி, அனுப்பம்பட்டைக் கடந்து, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து ஏறினோம். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் அவர் சொன்ன எலும்புக்கூடுகள் கல்லில் நின்றன. உள்ளே டச்சு மொழி எழுத்துகள் செதுக்கிய பெருங்கற்பலகைகள். கோட்டை இருந்த இடமோ புதர் மண்டிய மேடாகக் கிடந்தது. ஆங்கிலேயர் அதனை இடித்துவிட்டனர். 1825இல் ஊரும் முற்றாக அவர்கள் கைக்கு வந்தது.

அம்மேட்டருகே நின்று துணி வணிகத்தைப் பற்றி நான் விளக்கினேன். கட்டம்போட்ட பழவேற்காட்டுத் துணி தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கப்பலேறியதையும், மலாய் மக்கள் இன்றும் கைலியைப் 'பெலேக்காட்' என்று இவ்வூர்ப் பெயராலேயே வழங்குவதையும் சொன்னேன். மாணவர் மகிழ்ந்தனர். அப்போது அம்மாணவி தாழ்ந்த குரலில், "துணி மட்டும் இல்ல ஐயா, மனுசங்களையும் ஏத்தியிருக்காங்க" என்றார். உண்மைதான். பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய மக்களை அடிமைகளாக வாங்கி, இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அனுப்பியதும் அந்த வணிகமே. நூல்களில் நானும் படித்திருந்தேன், சொல்லாமல் கடந்துவிட்டேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. ஆம்ஸ்டர்டாமின் கால்வாயோர மாளிகைகளை மட்டும் கண்டு திரும்பியிருந்தால், அவற்றை எழுப்பிய செல்வத்தின் ஒரு வேர் இந்தப் புதருக்கடியில் கிடப்பது என் நெஞ்சில் பட்டிருக்குமா?

பாங்கு ஒலித்தது. நிழற்கடிகாரம் அமைந்த பள்ளிவாசலில் தொழுதோம். சொல்லிவைத்த வீடுகள் எல்லாம் கதவு திறந்தே இருந்தன. ஒரு வீட்டுத் திண்ணையில் பனையோலைக் கூடை பின்னிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி, மாணவியர்க்கு ஓலை மடிக்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்தார். ஏரியின் தொலைவில் பூநாரைகள் நின்றன.

மாலையில் வீடு திரும்பினேன். அத்தா கட்டம்போட்ட கைலியில் வாசலில் அமர்ந்திருந்தார். "அத்தா, இந்தக் கைலிக்குப் பெயர் தந்த ஊருக்குப் போய் வந்தேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அது எனக்குச் சின்ன வயசுலேயே தெரியும். நீ எப்பக் கேட்ட?" என்றார். ஒரே கேள்வியை அன்று இரண்டாம் முறை கேட்டதுபோல் இருந்தது.

அம்மாணவி பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். அவர் எழுதிய தாள் துறையில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களையும் அழைத்துச் செல்கிறோம். லெய்டனுக்கு எழுதிய பக்கங்களை நான் கிழிக்கவில்லை. செப்பேடுகளை ஒருநாள் காணும் ஆசையும் மாறவில்லை. இறைவன் நாடி அந்நகருக்குச் செல்ல வாய்த்தால் ரோஜீரியசின் நூலையும் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். எங்கள் பக்கத்து ஊரில் கேட்டறிந்து எழுதிய நூல் இது என்று அங்குள்ளோரிடம் சொல்வேன். அப்படிச் சொல்லும் தகுதி 2020இல் எனக்கு இருந்ததில்லை.

மாணவச் செல்வங்களே, தொலைநாடு செல்லத் திட்டமிடுங்கள், தவறில்லை. அதற்குமுன் உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் அவர் ஊர் எதுவென்று கேளுங்கள். ஆசிரியராகிய நான் அதைக் கேட்க மிகவும் காலந்தாழ்த்திவிட்டேன்.