கல்லறைக் கல் என்றொரு ஊர்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் போனால் டூம்ஸ்டோன் வருகிறது. பெயருக்குப் பொருள், கல்லறைக் கல். 1877-ல் வெள்ளி தேடி இந்தப் பக்கம் அலைந்த ஷீஃப்லின் என்பவரிடம், “அங்கே உனக்குக் கிடைக்கப்போவது கல்லறைக் கல்தான்” என்று சிப்பாய்கள் கிண்டல் செய்தார்களாம். வெள்ளி கிடைத்தது. மனுஷன் அதே பெயரை வைத்துவிட்டார்!

ஆலன் தெருவில் மரப்பலகை நடைபாதை, குதிரை வண்டி, இடுப்பில் துப்பாக்கியோடு வேஷம் கட்டியவர்கள். 1881 அக்டோபர் 26-ல் நடந்த ஓ.கே. கொரால் சண்டை இந்த ஊரில்தான். உண்மையில் அது நடந்தது பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய காலி மனையில். அரை நிமிடம்தான். மூன்று பேர் காலி. அவர்களுடைய கல்லறைகள் ஊர் எல்லையில் இருக்கின்றன.

எங்கள் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்ட என் மகனுக்கு அந்தக் காலத்து ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ ரிவால்வர் மேல் ஆசை. ஒவ்வொரு முறையும் கட்டை விரலால் ஹாமரைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் சுட முடியும். முந்தின நாள் அவன் நண்பர், தன்னுடைய ரூகர் வக்கேரோவோடு சுடும் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார். விசிட்டர் விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுக்கச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. அதனால் நான் வேடிக்கைதான். ஆனாலும் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் கண் சும்மா இருக்குமா?

கைப்பிடியை அங்கே ஏர்ப்பிடி என்கிறார்கள். நம் மேழியேதான்! சுட்டதும் உள்ளங்கையில் இடிக்காமல், கைக்குள்ளேயே மேல்நோக்கி உருள்கிறது. கட்டை விரல் தானாக ஹாமர் பக்கத்தில் வந்து நிற்கிறது. லேசான தோட்டாவுக்கு சுகம். காரமான தோட்டா போட்டதும் கதை மாறியது. டிரிக்கரைச் சுற்றிய வளையம் மகனின் நடுவிரல் மொளியில் இடித்து, பத்தாவது தோட்டாவில் கையை உதறினான். ஒரு கிலோவுக்கு மேல் எடை வேறு.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. 1873-ன் கோல்ட் ரிவால்வரில் தட்டை ஸ்பிரிங்குகள், உடைவது சகஜம். இதில் சுருள் ஸ்பிரிங்குகள். பழையதில் ஹாமர் நேரே தோட்டா மேல் உட்காரும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதனால் ஆறு அறையில் ஐந்தைத்தான் நிரப்புவார்கள். ரூகர் 1973-ல் நடுவே ஒரு சிறு பட்டையை வைத்தது. டிரிக்கரை இழுத்தால்தான் அது மேலே வந்து அடியைக் கடத்தும். சின்ன வேலைதான், ஆனால் அருமையான வேலை. மனசுக்குள் சபாஷ் போட்டேன்.

கல்லறைகளைப் பார்த்துவிட்டு காருக்குத் திரும்பும்போது மருமகள் கேட்டாள்: “மாமா, அது எத்தனை வருஷம் உழைக்குமுங்க?”

“நல்லா வெச்சிருந்தா நம்ம பேரன் காலம் வரைக்கும் வரும்மா.”

பெருமையாகத்தான் சொன்னேன். அவள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நாலு வயதுப் பையனையே பார்த்தாள். பென்சன் ஊர் வரை யாரும் பேசவில்லை.

“பூட்டுற இரும்புப் பெட்டி என்ன விலைன்னு முதல்ல விசாரிடா” என்றேன். “சாவி அவ கையில இருக்கட்டும்.”

“சரிங்கப்பா” என்றான், வீங்கிய விரலைத் தடவிக்கொண்டே.