மேற்கு

புளியஞ்சோலைக்கு வந்திருந்த ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் கோடை ஏன் வருகிறது என்று கேட்டேன். பூமி சூரியனை நெருங்குவதால் என்றார்கள். நெருங்குவது ஜனவரியில்: சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் 15.2 கோடி. அச்சின் சாய்வு 23.4 டிகிரி என்பதையும் ஒப்பித்தார்கள். இரண்டும் ஒரே மண்டையில் சண்டையின்றிக் குடியிருக்கின்றன.

சூரியன் தினமும் நேர் மேற்கில் மறைகிறதாம். எதிரே மேற்கில் கொல்லிமலை. டிசம்பரிலிருந்து ஜூனுக்குள் அஸ்தமனம் அந்த முகட்டோடு சுமார் 48 டிகிரி வடக்கே நகர்கிறது. நேர் மேற்கு மார்ச்சிலும் செப்டம்பரிலும்தான். உத்தராயணம் என்ற சொல்லுக்கே வடக்கு நோக்கிய போக்கு என்றுதான் அர்த்தம். பொங்கல் வைக்கிறோம்; சொல்லைத் திறந்து பார்ப்பதில்லை. நாளை இவர்களிடம் படிக்கும் பிள்ளைகள் நேர் மேற்கு என்றே எழுதி மார்க் வாங்குவார்கள்.

நம் கவிதைகளிலும் அந்தி வருகிறது. முகட்டைப் பார்த்து எழுதியது எத்தனை?